இது மணி பிளான்ட் இல்லை!

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயோ, டி.வி. பக்கத்திலேயோ, பாத்ரூம் ஜன்னலிலோ ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு கொடியைச் செருகி வைத்திருப்பீர்கள். இதய வடிவில் இலை. என்ன செடி என்று கேட்டால், எல்.கே.ஜி. படிக்கிற வாண்டுகூட 'மணி பிளான்ட்' என்று சொல்லிவிடும். பக்கத்து வீட்டில் திருடிக்கொண்டு வந்தால்தான் வளரும், வளர்ந்தால்தான் வீட்டில் காசு தங்கும் என்று ஒரு சாஸ்திரம் வேறு. எந்தச் சாஸ்திரம் என்று கேட்காதீர்கள். இந்தச் செடி பசிபிக் கடலில் இருக்கும் மூரியா என்கிற குட்டித் தீவைச் சேர்ந்தது. நம் ரிஷிகள் யாரும் அந்தப் பக்கம் போய் வந்ததாகத் தெரியவில்லை.

சாஸ்திரம் இருக்கட்டும். உங்கள் வீட்டில் இருப்பது மணி பிளான்ட்தானா?

எழுந்து போய் இலையைத் தொட்டுப் பாருங்கள். தடிமனாக, மெழுகு தடவின மாதிரி பளபளப்பாக, லேசாக மேடு பள்ளத்தோடு இருந்தால் மணி பிளான்ட். மெல்லிசாக, வெற்றிலை மாதிரி மிருதுவாக, காம்பு சேருகிற இடத்தில் இதயம் நன்றாக உள்வாங்கி இருந்தால் அது பிலோடெண்ட்ரானாக இருக்கலாம். அடுத்தது இலைக்காம்பு. மணி பிளான்ட்டின் காம்பில் மேல்பக்கம் ஒரு வாய்க்கால் ஓடும். நகத்தால் தடவினாலே தெரியும். பிலோடெண்ட்ரானுக்குக் காம்பு ஏறக்குறைய உருண்டை. கணுவில் கிளம்பும் வேரையும் பாருங்கள். ஒரே ஒரு தடித்த மொட்டு போல நீட்டிக்கொண்டிருந்தால் மணி பிளான்ட். நாலைந்து மெல்லிய வேர்கள் கொத்தாக வந்திருந்தால் பிலோடெண்ட்ரான்.

இதிலெல்லாம் குழப்பம் வரலாம். குழப்பமே வராத அடையாளம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். புது இலை வருகிறவரை காத்திருக்க வேண்டும். பிலோடெண்ட்ரான் தன் புது இலையை ஒரு மெல்லிய உறைக்குள் வைத்துத்தான் அனுப்பும். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. இலை விரிந்ததும் உறை காய்ந்து, பழுப்பாகி, உதிர்ந்துவிடும். மணி பிளான்ட்டுக்கு இந்தத் தனி உறை கிடையாது. முந்தைய இலையின் காம்பிலிருந்தே அடுத்த இலை சுருட்டின காகிதம் போல வெளியே வரும்.

நர்சரியில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றால் அடிக்க வருவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் வழக்கமாகப் போகும் நர்சரிக்காரரிடம், "இது மணி பிளான்ட்டா, பிலோடெண்ட்ரானா?" என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாம் ஒரே ஃபேமிலிதான் சார், எடுத்துட்டுப் போங்க" என்றார். தள்ளிவிடுவதற்காகத்தான் சொன்னார் என்றாலும், சொன்னதில் தப்பில்லை. இரண்டும் ஒரே குடும்பம். தாவரவியலில் அரேசியே என்பார்கள். அந்தக் குடும்பத்தில் உங்களுக்கு வேறு சொந்தங்களும் தெரியும். நீங்கள் வறுத்துச் சாப்பிடும் சேப்பங்கிழங்கும், கறி பண்ணும் சேனையும் இவற்றின் பங்காளிகள். சேனை நறுக்கினால் கை அரிக்கும் இல்லையா? அந்த அரிப்பு இந்தக் கதையில் பின்னால் வரும்.

பிலோடெண்ட்ரான் என்று பெயர் வைத்தவர் ஷாட் என்கிற ஆஸ்திரியாக்காரர். வியன்னாவில் அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். 1817-ல் ஆஸ்திரியாவிலிருந்து பிரேசிலுக்குக் கிளம்பின ஆராய்ச்சிக் குழுவோடு போய், சில வருஷங்கள் காட்டிலே அலைந்து திரும்பினார். 1829-ல் இந்தச் செடிகளுக்கு கிரேக்க மொழியில் பெயர் சூட்டினார். 'பிலோ' என்றால் அன்பு. 'டெண்ட்ரான்' மரம். மரத்தின் மேல் காதல் கொண்ட செடி.

பெயர் வைப்பது என்றால் இப்படி வைக்க வேண்டும். செடியை எப்படி வளர்ப்பது என்கிற பாடத்தில் முக்கால்வாசி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இந்த இனத்தில் சுமார் 500 வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஏறுகொடிகள். காட்டின் தரையில் வெளிச்சம் சொற்பம். வெளிச்சம் வேண்டுமென்றால் மரத்தைப் பிடித்து மேலே போக வேண்டும். கண்ணில்லாத செடி மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? பிலோடெண்ட்ரானின் குடும்பத்தைச் சேர்ந்த மான்ஸ்டிராவில் ஒரு வகையைக் கோஸ்டாரிகா காட்டில் ஸ்ட்ராங், ரே என்று இரண்டு பேர் ஆராய்ந்து 1975-ல் எழுதினார்கள். செடி என்றால் வெளிச்சத்தை நோக்கித்தானே வளரும்? இந்தக் கன்றோ இருட்டை நோக்கித் தரையில் ஊர்ந்து போகிறது. காட்டில் பக்கத்திலேயே பெரிய இருட்டு எது? தடித்த மரத்தின் அடி. அதைத் தொட்ட பிறகுதான் திரும்பி வெளிச்சத்தைப் பார்த்து ஏறத் தொடங்குகிறது.

ஏற ஆரம்பித்ததும் இலை மாறும். கீழே உள்ளங்கை அளவு இருந்தது, மேலே போகப் போக முறம் அளவுக்குப் பெருக்கும். மணி பிளான்ட்டுக்கும் இதே குணம் உண்டு. இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பழைய வீட்டுக் கொல்லைகளில் தென்னை மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும் ஒரு ராட்சசக் கொடி. கிழிந்த கிழிந்த பெரிய இலைகள், மஞ்சள் திட்டுகள். அது என்னவோ காட்டுக்கொடி என்று நினைத்திருப்பீர்கள். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறதே, அதேதான். அது பெரியவன், இது சின்னவன். நீங்கள் பாட்டிலில் 10 வருஷம் வைத்திருந்தாலும் அது குழந்தையாகவேதான் இருக்கும். வயசு ஆகும், வளர்த்தி ஆகாது. பிடிப்பில்லாமல் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் இலை இன்னும் சிறுத்துக்கொண்டே போகும்.

அதற்காக ஹாலில் தென்னை மரம் நட வேண்டாம். ஒரு பி.வி.சி. குழாயில் தேங்காய் நாரைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டுங்கள். நர்சரியில் ரெடிமேடாக 'மாஸ் ஸ்டிக்' என்று கேட்டாலும் தருவார்கள். தொட்டி நடுவில் அசையாமல் ஊன்றி, கொடியின் கணுக்கள் நாரில் படுகிற மாதிரி தளர்வாகக் கட்டிவிட்டு, நாரை ஈரமாக வைத்திருங்கள். சில மாதங்களில் வேர் நாரைப் பிடிக்கும். அதற்குப் பிறகு வரும் இலைகளை அளந்து பாருங்கள்.

பெரியம்மாவுக்கு நான் இதைத்தான் செய்து கொடுத்தேன். மாயவரம் பக்கத்தில் கிணறும் கொல்லையுமாக இருந்த வீட்டை விற்றுவிட்டு, மகனோடு இருக்கச் சென்னையில் எட்டாவது மாடிக்கு வந்தவள். கொல்லையை விட்டதில் அவளுக்கு இருந்த துக்கம், பெரியப்பா போனபோதுகூட அவ்வளவு இருந்ததா என்று சந்தேகம். பால்கனியில் 11 தொட்டி வைத்தாள். சாமிக்குப் பூ வேண்டுமென்று அரளி ஒன்று. ஹாலில் இரண்டு கொடி. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், 'செடி'.

பேரனுக்கு 11 மாதம். தவழ்ந்து போய் எதையோ கடித்துவிட்டான். வீறிட்டு அழுகிறான், வாயில் ஜொள்ளு கொட்டுகிறது, உதடு சிவந்து வீங்குகிறது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன செடி?"

மருமகள் பெரியம்மாவைப் பார்க்கிறாள். பெரியம்மா யாரையும் பார்க்கவில்லை. "வீட்ல வெச்ச செடிதான்மா..."

டாக்டர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அரளியாக இருந்தால் அது இதயத்தைத் தாக்கும் விஷம். உயிருக்கே ஆபத்து. பிலோடெண்ட்ரான், மணி பிளான்ட் இரண்டிலும் இருப்பது வேறு. கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். சேனையில் கையை அரிக்கிறதே, அதே சமாசாரம். கடித்த உடனே வாயெல்லாம் குத்தும், எரியும், வீங்கும். அந்த எரிச்சலே குழந்தையை மேற்கொண்டு தின்னவிடாது என்பது ஒரு விதத்தில் நல்லது. பெரும்பாலும் வாயைக் கழுவி, குளிர்ந்ததாக ஏதாவது கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். தொண்டை வீங்கி மூச்சு விடக் கஷ்டப்பட்டாலோ, விழுங்க முடியாமல் போனாலோ தாமதிக்கவே கூடாது. வீட்டு வைத்தியம் என்று வாந்தி எடுக்க வைக்காதீர்கள். செடியின் ஒரு இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுங்கள்.

பெரியம்மா வீட்டிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. வாட்ச்மேன் மாடிக்குப் போய் எடுத்தது. ஹாலில் இருந்த கொடி, கடித்துத் துப்பின இலை, நுனியில் காய்ந்த பழுப்பு உறையோடு ஒரு புதுத் தளிர். "பிலோடெண்ட்ரான். அரளியைத் தொட்டானான்னு பாருங்க" என்றேன். அரளித் தொட்டி மூடின பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு இலை உதிரவில்லை. போட்டோவைப் பார்த்துவிட்டு டாக்டர் நாலு மணி நேரம் படுக்க வைத்துக் கவனித்துவிட்டு அனுப்பினார். மறுநாள் அவன் வழக்கம்போல் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

செடியெல்லாம் போகணும் என்றாள் மருமகள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பெரியம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அரளியைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கீழே பிள்ளையார் கோயிலில் வைத்துவிட்டு வந்தாள். பேச்சை நிறுத்தினாள். சாப்பாடும் குறைந்தது. மூணாம் நாள் என் தம்பி போன் பண்ணி, "நீதான் வந்து ஏதாவது பண்ணணும்" என்றான். போய், ஷெல்ஃபுக்கு மேலே குழந்தையின் கை எட்டாத உயரத்தில் தொட்டியை வைத்து, நார்க் கம்பம் ஊன்றி, ஒவ்வொரு செடிக்கும் பெயர் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். மருமகள் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். நாயோ பூனையோ வளர்க்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அவையும் கடிக்கும், அவற்றுக்கும் எரியும்.

இனி வளர்ப்பு. இவ்வளவு சுலபமான செடியை நம் ஆட்கள் எப்படிச் சாகடிக்கிறார்கள் என்றால், அன்பால். தினமும் காலையில் ஒரு சொம்பு. பத்து நாளில் இலை மஞ்சள். "தண்ணி பத்தலை போலிருக்கு" என்று இன்னொரு சொம்பு. வேர் அழுகி, செடி காலி. விரலை மண்ணுக்குள் விடுங்கள். இரண்டு அங்குலம் வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரம் ஒட்டினால் திரும்பிப் போங்கள். வெறும் செம்மண்ணில் நட்டால் செங்கல் மாதிரி இறுகிவிடும். கோகோபீட்டும் மண்புழு உரமும் தாராளமாகச் சேருங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். அழகான பீங்கான் தொட்டி, ஓட்டை மட்டும் இல்லை என்று ஒன்று விற்கிறார்கள். அதில் பேனா வைத்துக்கொள்ளலாம்.

இலை நுனி மட்டும் பழுப்பாகித் தீய்ந்தால் தண்ணீரில் உப்பு அதிகம் என்று அர்த்தம். சென்னையில் போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் இது சகஜம். மழை பெய்யும்போது ஒரு பக்கெட் பிடித்து வையுங்கள். மூடி வையுங்கள். ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடமும் ஆகாது. ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர் வெயில் படாமல், பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் இருந்தால் போதும். இருட்டு மூலையிலும் சாகாது, ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, நோஞ்சானாக இளைத்துப் போகும். இலையிடுக்கில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் சாய்ந்ததும் தெளியுங்கள்.

பாட்டிலில் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிப் பாட்டிலைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேங்கின நல்ல தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டும் அப்படியே.

புதுச் செடி வேண்டுமா? கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரிலோ மண்ணிலோ வையுங்கள். கணு இல்லாத வெறும் இலை மாதக்கணக்கில் பச்சையாக நின்று உங்களை ஏமாற்றும், கொடியாக வளராது. ஆகவே திருடுவதானாலும் கணுவோடு திருடுங்கள்.

'காத்தைச் சுத்தம் பண்ணும்' என்று சொல்லி விற்கிறார்களே, அதையும் பேசிவிடலாம். 1989-ல் நாசா வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில் பிலோடெண்ட்ரான்களும் இருந்தன. உண்மை. ஆனால் அது காற்றே புகாமல் மூடின சின்னப் பெட்டிக்குள் செய்தது. இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் மொத்தமாக எடுத்து 2019-ல் கணக்குப் போட்டவர்கள், சாதாரணக் கட்டடத்தில் காற்று வந்து போவதால் கிடைக்கும் சுத்தத்தைச் செடியால் கொண்டுவர ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்றார்கள். அத்தனை செடி வைத்தால் நீங்கள் வராண்டாவில்தான் படுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், செலவில்லை.

2020-ல் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது செடிப் பைத்தியம் உலகம் முழுக்கப் பிடித்தது. இளஞ்சிவப்புத் திட்டுகள் உள்ள 'பிங்க் பிரின்சஸ்' என்கிற பிலோடெண்ட்ரானுக்கு நகை விலை சொன்னார்கள். அதன் நிழலில் 'பிங்க் காங்கோ' என்று ஒன்று வந்தது. இலை பூராவும் ரோஸ் கலர். ரசாயனத்தால் வரவழைத்த நிறம் அது. சில மாதங்களில் சாயம் போன புடவை மாதிரி பச்சைக்குத் திரும்பிவிடும். வாங்கின காசு திரும்பாது.

வெளியே வைப்பதற்கு வேறு வகை. ஐ.டி. கம்பெனி வாசல்களில் முட்டியளவு உயரத்தில், விரல் விரலாக வெட்டின இலையோடு புதராக இருக்குமே, அது சனடு. அதைவிடப் பெரிதாக, ஒரு இலையே குழந்தைக்குக் குடையாகும் அளவில் இருப்பது செல்லோம். இரண்டும் மரம் ஏறாமல் தன் காலிலேயே நிற்கும். செல்லோமின் தண்டைப் பாருங்கள். இலை உதிர்ந்த தழும்பு ஒவ்வொன்றும் கண் வரைந்த மாதிரி இருக்கும். ராத்திரி டார்ச் அடித்தால் திடுக்கிடும். 2018-ல் தாவரவியலார்கள் இவற்றைப் பிலோடெண்ட்ரான் இனத்திலிருந்து பிரித்துத் தனி இனமாக்கிவிட்டார்கள். புதுப் பெயர் தௌமட்டோஃபில்லம். நர்சரியில் பழைய பெயரையே சொல்லுங்கள், இதைச் சொன்னால் மருந்துக்கடைக்கு வழி காட்டுவார்கள். காலை வெயில் நல்லது, பன்னிரண்டு மணி வெயில் வேண்டாம். கத்திரி சமயத்தில் மரநிழலோ வலையோ இல்லாவிட்டால் இலை வெந்துபோகும். பரவ இடம் விட்டு, சுவரை ஒட்டாமல் நடுங்கள். வேர் முரட்டு வேர்.

பல வருஷம் ஆன செல்லோம்தான் பூக்கும். வெளுத்த பாளைக்குள் மெழுகுவர்த்தி மாதிரி ஒரு தண்டு. அந்தத் தண்டு சூடாகும். கவிதைக்காகச் சொல்லவில்லை, தெர்மாமீட்டர் வைத்து அளந்திருக்கிறார்கள். 1972-ல் வெளியான ஆராய்ச்சி அது. வெளியே காற்று 4 டிகிரியில் நடுங்கினாலும் சரி, 39 டிகிரியில் கொதித்தாலும் சரி, பூ தன்னை 38-க்கும் 46-க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறது. நமக்கு வந்தால் பாராசிட்டமால் கொடுப்பார்கள். கொழுப்பை எரித்து இந்தச் சூட்டை உண்டாக்குகிறது. வாசனை பரவும், பிரேசிலில் ஒரு வகை வண்டு தேடி வரும், கதகதப்பில் ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குக் கிளம்பும்.

அந்த வண்டு நம் ஊரில் கிடையாது. உங்கள் அபார்ட்மென்ட் தோட்டத்தில் ஒரு செல்லோம் பாளை விட்டிருந்தால், அது விரிகிற அன்று இருட்டுகிற நேரத்தில் கீழே இறங்கிப் போய் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். கையைக் கழுவிவிட்டு மேலே வாருங்கள்.